வலது பாதி

ஒரே ஒரு சொல்லைத்தான் வினோலியா மாற்றினாள். மாற்றிய நிரலை மெஷினில் ஓடுகிற மாதிரி மறுபடி கட்ட இரண்டு நிமிட பில்ட் போதும். ஆனால் விரல் என்ன நினைத்ததோ, அதுவரை கட்டிவைத்ததை எல்லாம் துடைத்துவிட்டு அடியிலிருந்து மறுபடி கட்டச் சொல்லிக் கட்டளையைத் தட்டிவிட்டது. இனி நாற்பது நிமிடம். இப்போது மணி இரண்டு ஐம்பது. நாலு மணிக்குப் பக்கத்து இருக்கை இசக்கியை மேலாளர் அறைக்குக் கூப்பிடுவார்கள், நாலரைக்கு அவளை. பழைய துண்டு துணுக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்து ஏமாற்றிவிடக் கூடாதே, சுத்தமாகப் பார்த்துவிடலாமே என்றுதான் அப்படிச் செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரும் கேட்காத கேள்விக்கு எதற்கு இந்தப் பதில். ஃபைல் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஏறி மறைந்துகொண்டிருந்தன. ஏசிக் காற்று நேராகப் பிடரியில் இறங்கியது. மேஜை ஓரத்தில் சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது. ஒரு மணிக்கு மூடியில் கையை வைத்தபோதுதான் நிரலில் அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது, எலுமிச்சை வாசனையும் வரியும் ஒரே நேரத்தில், இனிமேல் எந்தக் கல்யாணப் பந்தியில் எலுமிச்சைச் சாதம் வைத்தாலும் இந்த வரிதான் வந்து நிற்கும் போல. அவளுக்கும் அடுத்த இருக்கைக்கும் நடுவே டெஸ்ட் மேஜையில் அந்த அகல மானிட்டர். இடது பாதியில் மலையும் வானமும். வலது பாதி கறுப்பு. ஸ்கேல் வைத்து அறுத்த மாதிரி மலை நட்டநடுவில் நின்றுபோயிருந்தது. பன்னிரண்டு நாளாக அந்த மலைக்கு மறுபக்கம் கிடையாது. அதற்கு அப்பால் இசக்கிமுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு, தன் ஃபைலை முதல் வரியிலிருந்து மறுபடியும் ஓட்டிக்கொண்டிருந்தான், இல்லாத தப்பைத் தேடி. இல்லாத என்று எப்படி இப்போதே சொல்வது. பில்ட் முடியட்டும். முடிந்து, திரை தூங்கி, எழுந்து, அப்புறம்தானே.

விஷயம் என்னவோ இவ்வளவுதான், அம்மாவுக்குக்கூடச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். படத்தைத் திரைக்குச் சுமந்துபோக பைப் என்று ஒன்று உள்ளே இருக்கிறது. சாதாரணத் திரைக்கு ஒன்று போதும். இந்த அகலத்துக்கு ஒன்றால் ஆகாது, மூச்சு வாங்கும். அதனால் இரண்டை ஜோடி சேர்த்து இடது பாதியை ஒன்றின் தலையிலும் வலது பாதியை இன்னொன்றின் தலையிலும் வைக்கிறது டிரைவர், அவர்கள் எழுதுகிற மென்பொருள். மேலே உட்கார்ந்து கேட்கிற மென்பொருளுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. அது ஒரு திரை கேட்டது, ஒரு பைப் கேட்டது. இரண்டாவதை அது கேட்கவே இல்லை. கேட்காததை எரிகிறது என்று குறித்து வைத்தால் மேலே இருப்பது மிரண்டுபோகும். அணைந்திருக்கிறது என்று குறித்தால் கீழே சிப்பில் நிஜமாகவே அணைந்துபோகும். இத்தனை வருடமாக ஒரே குறிப்பில் இரண்டையும் எழுதி, இடத்துக்குத் தகுந்த மாதிரி பொய் சொல்லிச் சமாளித்து வந்தார்கள். அதைத்தான் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று ஏப்ரலில் வேலை வந்தது. பேர் வைத்தது இசக்கிதான். மூன்று வாரம் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அதில் இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ. "ஒண்ணு மேல உள்ளவன் கேட்டது. இன்னொண்ணு கீழ நெசமா எரியுறது. ரெண்டும் ஒண்ணுதான்னு இத்தன வருசமா நம்பிட்டு இருந்திருக்காங்க பாருங்க, அதான் மேடம் ஆச்சரியம்" என்றான். அன்றிலிருந்து அவர்களுக்குள் கேட்டது, எரிவது என்றே ஆகிவிட்டது. இரண்டாவது பைப், கேட்டதில் எப்போதும் அணைந்தே இருக்கும். எரிவதில் எரியும். பாதிப் படத்தைச் சுமந்துகொண்டு, பட்டியலில் இல்லாமல். வேண்டாம், இதை இப்படி நினைக்கக் கூடாது, பைப் என்றால் பைப், அதற்கு வேறு எதையும் ஒட்டவைக்கக் கூடாது.

பிரித்தால் மட்டும் ஆயிற்றா. பழைய குறிப்பைப் படிக்கிற இடம் இருநூற்றுப் பதினேழு. ஒவ்வொன்றிலும் நின்று, இங்கே கேட்டதைப் பார்க்க வேண்டுமா எரிவதைப் பார்க்க வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். இருநூற்றுப் பதினேழு தடவை. முதல் நாற்பதை ஒழுங்காகத்தான் செய்தார்கள், பேசிப் பேசி, சண்டை போட்டு, டீ குடித்து. அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. கம்பெனி பஸ் ஆறு பத்துக்கு. மீதி எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மொத்தமாக 'கேட்டது' என்று மாற்றிவிட்டு, சிப்பைத் தொடுகிற இடங்களை மட்டும் கையால் 'எரிவது' என்று திருத்திவிடலாம் என்றாள். இசக்கி தலையைச் சொறிந்தான். "மொத்தமா மாத்தணும்னா எரியுறதுன்னு மாத்துங்க மேடம். ஒண்ணு ரெண்டு விட்டுப்போனாலும் லைட்டு சும்மா எரிஞ்சுட்டுக் கெடக்கும். அணையாதுல்லா." அவள் கேட்டாளா. மேலே பார்க்கிற இடம்தான் அதிகம், கையால் திருத்துவது குறையும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். பஸ் என்று வாயால் சொன்னாளா, மனதுக்குள் மட்டும் நினைத்தாளா, இப்போது ஞாபகம் இல்லை. முப்பத்திநாலு இடத்தைக் கையால் திருத்தினாள். முப்பத்தைந்தாவது இசக்கியின் ஃபைலில் இருந்தது, தூங்கிய திரையை எழுப்புகிற ஃபைலில். அறுநூறு வரி, எல்லாம் அவன் எழுதியது. அவன் ஃபைல்தானே, அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைக்கக்கூட இல்லையா. ஜன்னலுக்கு வெளியே பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, இரண்டு சின்னது, ஒரு பெரியது. திரை தூங்கி எழும்போது அந்த வரி, இரண்டாவது பைப் எரியணுமா என்று கேட்கிறது. யாரிடம் கேட்கிறது? 'கேட்டது' என்ற குறிப்பிடம். அது, இல்லையே, யாரும் கேட்கவில்லையே என்கிறது. சரி என்று வலது பாதியை அப்படியே இருட்டில் விட்டுவிடுகிறது. முதல் தடவை கம்ப்யூட்டரைப் போடும்போது வேறு வழியாக வருவதால் எல்லாம் ஒழுங்காக எரியும். தூங்கி எழுந்தால் மட்டும்தான். அதுவும் அகலத் திரையில் மட்டும்தான். அதுதான் சிப் வாங்குகிறவர்கள் கையில் போய் மாட்டியது, ஏதோ ஒரு துறைமுகத்துக் கட்டுப்பாட்டு அறைக்குத் திரை செய்து கொடுக்கிறவர்கள். கப்பல்கள் எல்லாம் இடது பாதியிலேயே வந்து நின்றுவிடுமா என்ன. வலது பாதியிலும் ஒன்று வந்துகொண்டிருக்கும். தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு அதைப் போய்ச் சொல்லவா வேண்டும். நல்லவேளை, சோதனைக்கு வைத்த இடத்திலேயே பார்த்துவிட்டார்கள். நல்லவேளை என்பது யாருக்கு.

இசக்கியின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பச்சைப் பட்டி. அவள் கழுத்தில் நீலம். நீலம் என்றால் நிரந்தர ஊழியர், பச்சை என்றால் ஒப்பந்த ஊழியர், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டிப்பார்கள் அல்லது நீட்டிக்கமாட்டார்கள், இன்று நாலு மணிக்கு அதுதான். பச்சைப் பட்டிக்காரர் எழுதியதை அவரே உள்ளே அனுப்ப முடியாது, நீலப் பட்டி ஒருவர் தன் பெயரில்தான் அனுப்ப வேண்டும். பாதுகாப்பு விதி. அதனால் எந்த வரியை யார் எழுதியது என்று கட்டளை போட்டுக் கேட்டால் அறுநூறு வரியிலும் வினோலியா, வினோலியா, வினோலியா என்று வரும். அவன் எழுதிய வரியிலும் அவள் பெயர், அவள் கெடுத்த வரியிலும் அவள் பெயர். பிரித்துச் சொல்ல உலகத்தில் இரண்டு பேரால்தான் முடியும். அந்த இரண்டு பேரும் திங்கட்கிழமை மீட்டிங்கில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் கிரிதரன் குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். "நான் யாரையும் குத்தம் சொல்லல. எழுப்புற ஃபைல் யாரோட வேலை, அது மட்டும் சொல்லுங்க." இசக்கி, "என்னோடதுதான் சார்" என்றான். வினோலியா தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரியாது என்பதிலும் இரண்டு ரகம் இருக்கிறதே, பார்த்தும் தெரியாதது ஒன்று, பார்க்காமல் இருந்ததால் தெரியாதது ஒன்று. "பிரிச்ச வேலை அருமை வினோ, இந்த ஒரு இடம்தான் நம்மள அசிங்கப்படுத்துது" என்றார் கிரிதரன். இந்த ஒரு இடம். அப்போது இசக்கி நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்தான். பார்த்தானா, அவளுக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தானா. ஜூன் மாதம்தான் குடும்பத்தைக் கோவில்பட்டியிலிருந்து கேளம்பாக்கத்துக்குக் கூட்டி வந்தான். மகள் ஒன்றாம் வகுப்பு. சீருடை தைக்கக் கொடுத்த கடையில் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தைத்துவிட்டார்கள் என்று போனில் படம் காட்டிச் சிரித்தான். அந்தப் பிள்ளை படத்தில் நீளக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றது.

போன் அதிர்ந்தது. அம்மா. எடுக்காமல் விட்டால் மறுபடியும் அடிப்பாள். "ஏட்டி, சாப்டியா?" "சாப்ட்டேம்மா." "என்ன சாப்ட்ட?" "எலுமிச்சைச் சாதம்." "சாப்ட்டவ கொரலா இது. சரி, அந்த லீடர் வேல என்னாச்சு? செலின் அக்கா கோயில் வாசல்ல நாலு பேரு முன்னால வச்சு கேக்கா, ஒம் மவளுக்கு இன்னும் ஆகலயான்னு." "லீடர் இல்லம்மா, லீட். நாலரைக்குத் தெரியும்." "மாதாவுக்கு ஒரு திரி கொளுத்தட்டா?" "என்னன்னு வேண்டிக் கொளுத்துவ?" "ஒனக்கு நல்லது நடக்கணும்னுதான்." "எது நல்லதுன்னு எனக்கே தெரியலையேம்மா." அந்தப் பக்கம் ஒரு நொடி மிக்ஸி ஓடி நின்றது. "அத அவ பாத்துக்கிடுவா. ஒங்கிட்டயா கேக்கப்போறா. போன வச்சுட்டு வேலையப் பாரு." வைத்துவிட்டாள். திரையில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. நூறு ஃபைல் போனால் இன்னொரு நூறு வருகிறது. மூன்று பத்து.

மாதா என்றதும் கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற அந்தப் பலகைக் கூண்டின் வாசனை வந்தது, வார்னிஷும் அவர் போட்டிருந்த தைலமும். ஒன்பது வயதிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்கு அவளிடம் மனப்பாடமாக மூன்று பாவம் இருந்தது. பொய் சொன்னேன் சாமி. தம்பியை அடித்தேன் சாமி. பூசையில் பராக்குப் பார்த்தேன் சாமி. சாமியார் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொல்வார், முடிந்தது. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூட பேன்ட் வாத்தியத்து டிரம்மின் தோலைக் காம்பஸ் முனையால் சும்மா ஒரு குத்து குத்திப் பார்த்தாள், எவ்வளவு தாங்கும் என்று. தாங்கவில்லை. கடைசியாக வாசித்த மெர்சிதான் கிழித்தாள் என்று அவளை பேன்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மெர்சி அதற்கப்புறம் எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. அந்த வருடமும் வினோலியா கூண்டில் போய் மூன்றுதான் சொன்னாள், கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள், தம்பியை அடித்ததை இரண்டு தடவை சொன்னாள். சின்னதை நிறையச் சொன்னால் பெரியது அதற்குள்ளே மறைந்துகொள்ளும். இதை யார் கற்றுக்கொடுத்தார்கள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. இன்றைக்கு மத்தியானமும் அப்படித்தானே, இரண்டு மணியிலிருந்து இரண்டே முக்கால் வரை உட்கார்ந்து என்ன செய்தாள். அந்த ஒரு சொல்லை மாற்றினாள், அப்புறம் அதைச் சுற்றி முப்பத்தொன்பது இடத்தில் இடைவெளி ஒழுங்கு செய்தாள், ஒரு அடைப்புக்குறியைக் கீழ் வரிக்கு இறக்கினாள், ஒரு எழுத்துப்பிழையைச் சரிசெய்தாள். மேலே தலைப்பு போட்டாள்: சிறு திருத்தங்கள். இதை அனுப்பினால் யார் உட்கார்ந்து நாற்பத்திரண்டையும் படிக்கப் போகிறார்கள். திரை எரியும். எப்படி எரிந்தது என்று கேட்டால், எழுப்புகிற ஃபைலில் ஒரு இடம், சரிசெய்துவிட்டேன் என்று சொன்னால் போதும். பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. எழுப்புகிற ஃபைலில் ஒரு இடம்தானே.

அவளுடைய இன்னொரு ஆசைதான் அவளையே பயமுறுத்தியது. எரியக் கூடாது. பில்ட் முடிந்து, தூங்கவைத்து, எழுப்பி, வலது பாதி கறுப்பாகவே கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தால் அந்த வரி வெறும் வரி, அவள் எலுமிச்சைச் சாதம் சாப்பிடலாம், இசக்கி தன் தப்பை இசக்கியே தேடிக்கொள்ளலாம். தான் எழுதிய திருத்தம் வேலை செய்யக் கூடாது என்று உட்கார்ந்து வேண்டிக்கொள்கிற எஞ்சினியர் இந்தச் சிறுசேரியில் வேறு யாராவது இருப்பார்களா. அம்மா இந்நேரம் திரி கொளுத்தியிருப்பாள். எதற்கென்று தெரியாத திரி. எந்தப் பக்கம் எரியும் அது. கிரிதரனிடம் இப்போதே எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம். ஆனால் நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது, பில்ட் முடியட்டும். பில்டை நாற்பது நிமிடம் ஆக்கியது யார். அங்கேயே வந்து முட்டிக்கொண்டு நின்றது மனது. வேறு பக்கம் திருப்பினால் பஸ் ஹாரன். அதைத் தள்ளினால் நீளக் கை. இசக்கி எழுந்து தண்ணீர் பிடித்து வந்தான், போகிற வழியில் அவள் டப்பாவைப் பார்த்தான், ஐந்து நிமிடம் கழித்து ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை அவள் கீபோர்டு பக்கத்தில் வைத்தான். "ஊருலேருந்து வந்தது. வெறும் வயித்துல பில்டு முடியாது மேடம்." அவனுக்கு எப்படித் தெரியும் அவள் சாப்பிடவில்லை என்று. டப்பா மூடியிருந்தது, அவ்வளவுதான். பார்த்தால் தெரிகிற விஷயம்.

மூன்று முப்பத்திரண்டுக்கு ஃபைல் பெயர்கள் நின்றன. அந்த நிறுத்தம் காதில் விழுந்த மாதிரி இருந்தது. டெஸ்ட் மெஷினில் ஏற்றினாள். மெஷின் அணைந்து மறுபடி வந்தது. மானிட்டரில் மலை முழுசாக வந்தது, வலது பாதியும் சேர்த்து. அதில் ஒன்றுமில்லை, முதல் தடவை எப்போதும் வரும். இசக்கி நாற்காலியைத் திருப்பினான். "புது பில்டா?" "ஆமா." "என்ன மாத்துனீங்க?" "தூங்கவச்சுப் பாப்போம்" என்றாள். தூங்கவைத்தாள். திரை முழுவதும் இருண்டது, இருண்ட திரையில் அவர்கள் இருவர் முகமும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தது, மெஷினின் சின்ன விளக்கு மட்டும் மெதுவாக மூச்சுவிட்டது. முப்பது நொடி விட வேண்டும். "நீங்க தட்டுங்க" என்றாள். அவன் ஒற்றை விரலால் ஸ்பேஸ் பாரைத் தட்டினான். இடது பாதி வந்தது. மலை பாதியில் நின்றது. அப்பாடா என்று ஒன்று அவளுக்குள் எழுந்தது, வெட்கமில்லாமல், முழுசாக எழுந்தது, எழுந்துகொண்டிருக்கும்போதே வலது பாதி எரிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி இருந்தது. அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

இசக்கி துள்ளவில்லை. ஏரியையே பார்த்துக்கொண்டு, "எந்த இடம்?" என்றான். நாக்கு நுனியில் மூன்று பாவமும் தயாராக வரிசையில் நின்றன, இடைவெளி, அடைப்புக்குறி, எழுத்துப்பிழை. "என் இடம்" என்றாள். அவன் பக்கம் திரும்பி மறுபடி சொன்னாள். "என் இடம். அன்னைக்கு மொத்தமா மாத்துனதுல விட்டுப்போன ஒண்ணு. உங்க ஃபைல்ல நானூத்திப் பன்னிரண்டாவது வரி." அவன் தலையை ஆட்டினான். "நானூத்திப் பதினொண்ணு. மேல ஒரு வரி நீங்க புதுசா சேத்துருப்பீங்க." அப்படியானால் அவனுக்கு முன்பே தெரியும். "எப்போ தெரியும்?" "போன வியாழக்கெழம. மாத்திப் பாத்தேன், எரிஞ்சுது. திரும்ப பழையபடியே வச்சுட்டேன்." "ஏன் சொல்லல?" "பச்சப் பட்டி சொன்னா அது சாக்கு மேடம். எல்லா வரியிலயும் ஒங்க பேருதான் கெடக்கு. இந்த ஒரு வரி மட்டும் அவங்களுது, மிச்சம் பூரா என்னோடதுன்னு எங்க போய்ப் பிரிச்சுக் காட்ட? மிச்சமே என்னோடதுன்னு காட்ட முடியல." "அப்ப இத்தனை நாளா உக்காந்து என்னத்தப் படிச்சீங்க?" "எங்க படிச்சேன். ஓட்டிட்டு இருந்தேன்" என்று சிரித்தான். சிரிப்பு சட்டென்று நின்றது. "நீங்களா பாத்துருவீங்கன்னு ஒரு நெனப்பு. பன்னெண்டு நாள் ஆகும்னு நெனைக்கல."

மூன்று நாற்பத்தெட்டு. அவள் நாற்பத்தோரு சில்லறையையும் துடைத்தாள். ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தலைப்பை அழித்துவிட்டு, எழுப்பும்போது எரிவதைப் பார்க்க வேண்டிய இடத்தில் கேட்டதைப் பார்த்துவிட்டேன் என்று எழுதினாள். இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு, ஒரு பிழையைச் சரிசெய்தால் அது எந்தப் பழைய மாற்றத்தால் வந்தது என்று அடியில் ஒரு வரி போட வேண்டும், அந்த மாற்றத்தின் எண்ணோடும் தலைப்போடும். எண்ணை அவள் தேடவில்லை. எல்லோரும் பாராட்டிய மாற்றம், எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டும் மனப்பாடம். அதற்குக் கீழே கண்டுபிடித்தவர் இசக்கிமுத்து என்று அடித்தாள். அதற்கும் கீழே, கேட்டதையும் எரிவதையும் பிரித்த வேலையில் பாதி இவருடையது, இந்த ஃபைல் முழுவதும் இவருடையது, விதிப்படி என் பெயரில் போனது என்று அடித்தாள். இந்தப் பெயர் பணியாளர் பட்டியலில் இல்லை, தொடரவா என்று கேட்டது மெஷின். தொடர் என்றாள். போயிற்று, தளத்தில் எல்லோருக்கும் அஞ்சலாகவே போயிற்று. சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்பார்களே, அப்படி ஒன்றும் ஆகவில்லை. தளம் முழுக்க ஒவ்வொரு மேஜையாக அஞ்சல் வந்த மணி சின்னதாக ஒலித்துக்கொண்டே போனது, முதலில் பக்கத்து வரிசை, அப்புறம் ஜன்னல் வரிசை, கடைசியாகக் கிரிதரனின் கண்ணாடி அறைக்குள். தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து இந்தப் பக்கம் திரும்பின. இசக்கியின் மேஜை மட்டும் ஒலிக்கவில்லை. பச்சைப் பட்டிக்காரர்கள் அந்த அஞ்சல் பட்டியலில் கிடையாது. எல்லோரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் அவன் பட்டியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். வினோலியா தன் மானிட்டரை அவன் பக்கம் திருப்பிவைத்தாள். அவன் குனிந்து மெல்லப் படித்தான், கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலே போய்ப் படித்தான். "நாலரைக்கு ஒங்களுக்குல்லா மீட்டிங்" என்றான். "அது அப்புறம்" என்றாள். கண்ணாடிக் கதவு திறந்தது. கிரிதரன் வெளியே தலையை நீட்டி, குரலை உயர்த்தாமல், "இசக்கி" என்று ஒரு பெயரைத்தான் கூப்பிட்டார். இரண்டு பேர் எழுந்தார்கள்.